சூடா, வெளிச்சமா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் இருட்டக்கா. அந்தப் பெயரை வைத்தவர்கள் எல்லாரும் படித்து முடித்து, வேலை கிடைத்து, கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. புதிதாக வந்து சேருகிறவர்களும் முதல் வாரமே அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் கேலி கொஞ்சம், பயம் கொஞ்சம். அவள் வேலை செய்கிற அடித்தள அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, தாழ்வாரத்து டியூப்லைட் வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவள் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவர்கள் உடம்புக்கு நல்லது.

அவளைக் கேட்டால், கோபப்பட எல்லா நியாயமும் இருக்கிறது என்பாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த பொருள் அப்படி. பெரோவ்ஸ்கைட் என்று ஒரு குறைக்கடத்தி. அதன் நானோ படிகங்கள் எவ்வளவு பொடி என்றால், ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்திவிடலாம். குப்பியில் கரைசலாக இருக்கும்போது வெறும் மஞ்சள் தண்ணீர். நீல விளக்கைக் காட்டினால் பளீரென்று பச்சையாக ஒளிரும். துறைக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். எல்லாரும் தவறாமல் ‘ஆகா’ என்பார்கள். அந்தப் பச்சை அவளுக்கு அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

அவளுடைய கேள்வி அந்தப் பச்சைக்கு உள்ளே இருந்தது. படிகத்துக்குள் நடுவில் ஓர் ஈய அணு, அதைச் சுற்றி ஆறு புரோமின் அணுக்கள். சேர்த்துப் பார்த்தால் எட்டு முகமுள்ள ஒரு குட்டிப் பெட்டி. இப்படிப்பட்ட பெட்டிகள் மூலையோடு மூலை ஒட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் அடுக்கியிருக்கும். ஆனால் நேராக அடுக்கியிருக்காது. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். இருட்டில் கிடக்கும்வரை அப்படியே கிடக்கும். வெளிச்சம் பட்டால் பெட்டிகள் கொஞ்சம் நிமிர்கின்றன, வெளிச்சத்தை எடுத்துவிட்டால் பழையபடி சாய்ந்துகொள்கின்றன என்பது அவள் கட்சி. கல்லு மாதிரி சும்மா கிடக்க வேண்டிய ஒரு பொருள் விளக்கைப் போட்டால் ஒரு விதமாகவும் அணைத்தால் வேறு விதமாகவும் அணுக்களை அடுக்கிக்கொள்கிறது என்றால் யார்தான் சட்டென்று நம்புவார்கள்?

நம்பியவள் ஒருத்தி இருந்தாள். அது அவள் மகள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டபோது அந்தப் பெண் எழுந்து நின்று, “கடைசி பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருக்கிறவங்க டீச்சர் வந்ததும் நிமிர்ந்து உக்காருவாங்கல்ல, டீச்சர் போனதும் மறுபடி சாஞ்சுருவாங்கல்ல, எங்கம்மா அதை அணுவுல பாக்குறாங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். அம்மா வருடக்கணக்கில் எழுதிய கட்டுரைகளில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக இல்லை.

பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. படிகங்களைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, மூடி போட்ட, காற்றில்லாத ஒரு சிறு கலத்துக்குள் வைத்து, எக்ஸ்ரே கதிரை அதன் மேல் விட வேண்டும். கதிர் சிதறி வந்து கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரையும். பெட்டிகள் சாய்ந்திருந்தால் கோட்டில் ஓரிடத்தில் ஒரு சின்ன முகடு எழும்பும். பெட்டிகள் நிமிர நிமிர அந்த முகடு குட்டையாகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஒற்றை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் அவளுக்கு இளமை போனது, முன்மயிர் நரைத்தது, கண்ணாடி தடித்தது.

விளக்கைப் போட்டால் முகடு குட்டையானது. அணைத்தால் நெட்டையானது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு எங்கே என்றால், படிகத்தை இருட்டிலேயே வைத்துச் சூடு பண்ணினாலும் அதே முகடு குட்டையாகும். சூடு பட்டாலும் பெட்டிகள் நிமிரும், அது ஊரறிந்த விஷயம். வெளிச்சம் பட்ட எந்தப் பொருளும் கொஞ்சமாவது சூடாகும், அதுவும் ஊரறிந்த விஷயம். அப்படியானால் பெட்டிகளை நிமிர்த்தியது வெளிச்சமா, வெளிச்சத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த சூடா? சூடு என்றால் அதில் ஒன்றும் இல்லை, போட்டு மூடிவிட வேண்டியதுதான். வெளிச்சமே நேரடியாக நிமிர்த்துகிறது என்றால் அது புதுச் சங்கதி.

துறைத்தலைவர் கெட்ட மனிதர் இல்லை. வருடா வருடம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேலிடத்தில் மல்லுக்கட்டியவர் அவர்தான். ஆனால் அவள் எதைக் காட்டினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எல்லாம் சரிம்மா, சூடா இருக்காதா?” என்பார். கூட்டத்தில் கேட்டார், படிக்கட்டில் கேட்டார், அவள் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பி வந்த அன்று குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்த கையோடு அதையும் கேட்டார். சில நாள் காலையில் குளிக்க வெந்நீரை மொண்டு ஊற்றும்போது அந்தக் குரல் அவளுக்குக் காதில் கேட்கும். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிற்று. படலத்தின் கண்ணாடிக்கு அடியில் கம்பி போன்ற வெப்பமானியை ஒட்டிக் காட்டினாள். சூடு ஏறவில்லை என்று காட்டினாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

“கண்ணாடிக்கு அடியில வெச்சா கண்ணாடியோட சூடுதான் தெரியும். படலத்தோட சூடு எப்படித் தெரியும்? மேல வெச்சுப் பாருங்க.”

அதுவும் நியாயமான பேச்சுதான். அதுதான் அவரிடம் இருந்த தொந்தரவு.

வீட்டில் இருந்தவனோ நியாயம் எதுவும் பேசுகிறவன் இல்லை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில் மேலே போக லிஃப்ட் இருக்காது என்று முன்பெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி ஏறி இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டான். சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொள்வான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் மட்டும் பிடிக்காமல் எழுந்திருப்பான், அன்றைக்குப் பல்லைக் கடிக்கிற சத்தம் அடுப்பங்கரை வரை கேட்கும்.

அவளுடைய கிறுக்குகளையும் அவன் தாங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் எங்கே ஒரு சிறு விளக்கு மினுக்கினாலும் அவள் கை தன்னால் கறுப்பு டேப்பை எடுத்து ஒட்டிவிடும். டிவியில், சார்ஜரில், துணி துவைக்கும் மெஷினில் எல்லாம் டேப். “நம்ம வீட்டுல எது ஓடுது எது நின்னுடுச்சுன்னு காதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்” என்பான், வருகிறவர்களிடம் பெருமைபோல.

அந்த வருடம் அவன் கம்பெனியில் இருந்து ஒரு மாற்றல் வந்தது. வேறு ஊர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்து, அங்கிருக்கிற லிஃப்ட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவன் அதை ஒரே ஒரு தடவை சொன்னான், அதுவும் ஷூவைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு. போகலாமா என்று கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளைக் கொன்றது.

“இந்தத் தடவை மேல ஒட்டிப் பாத்துடுறேங்க” என்றாள். “சூடுன்னு ஆயிட்டா கிளம்பிடலாம். வெளிச்சம்னு ஆச்சுன்னா…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

“முடிச்சுட்டுச் சொல்லு” என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு அவள் மனத்தில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சூடாகவே இருந்துவிட்டால் தேவலாம் என்று ஆசைப்பட ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சூடு என்று ஆகிவிட்டால் என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பாள். பகல் வெளிச்சத்தில் தெருவில் நடக்கலாம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நிற்கலாம். எதையும் யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். வெளிச்சம் என்று ஆகிவிட்டால் இன்னும் ஒரு வருடம், அதற்கும் பிறகு இன்னும் ஒரு வருடம், அவனுடைய முழங்கால் மாடிப்படியில். ஆசைப்படுவதற்கு இதைவிடக் கேவலமான ஒன்றை ஓர் ஆராய்ச்சிக்காரி கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, ஆசை இருந்தது.

சூடு என்று ஆனால் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதாகத் துறைத்தலைவரிடமும் சொல்லிவைத்திருந்தாள். மேலே ஒட்டிப் பார்க்கிற அன்று அவர் தானே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அந்த அறையில் வேலை நடப்பது எப்போதும் மங்கலான சிவப்பு விளக்கில்தான். சிவப்பு வெளிச்சத்தை அந்தப் படிகங்கள் வாங்கிக்கொள்வதில்லை. ஜன்னல் கண்ணாடியில் போவதுபோல அது அவற்றின் ஊடே போய்விடும், பெட்டிகள் அசையாது. அந்தச் சிவப்பு மங்கலில் அவள் வெப்பமானிக் கம்பியின் நுனியைப் படலத்தின் மேலேயே வைத்து, சூடு நன்றாகக் கடக்கட்டும் என்று துறையில் எல்லாரும் பூசுகிற பசையைப் பூசி ஒட்டி, மூடியைத் திருகினாள். காற்றை இழுத்து எடுத்தாள். நீல விளக்கைப் போட்டாள். திரையில் முகடு குட்டையாயிற்று. பக்கத்தில் வெப்பமானியின் எண் ஏற ஆரம்பித்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. பெட்டிகளை நிமிர்த்தப் போதுமான சூடு எதுவோ அதைத் தொட்டு, தாண்டிப் போய்த்தான் நின்றது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி எண்ணைப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை அது. பல வருடமாகத் தன் வார்த்தை பொய்யாக வேண்டும் என்று காத்திருந்து, அது பலித்துவிட்டதே என்று நொந்த முகம்.

“விடுங்கம்மா” என்றார். “சூடு இல்லைன்னு தேடினோம், சூடுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். அதுவும் ஒரு பதில்தான்.”

“ஆமா சார்” என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. முதுகில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கியதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய் வாசலிலேயே, “சூடுதாங்க, சம்மதம்னு சொல்லிடுங்க” என்றாள். அவன் அவள் தலையில் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினான். அன்று அவள் தூங்கிய தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்லக்கூடாது, வேறு ஏதாவது சொல் வேண்டும்.

மறுநாள் காலையில் மேஜையைக் காலி பண்ணப் போனாள். இனி யாருக்கும் இருட்டு வேண்டாம். உள்ளே நுழைந்ததும் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். டியூப்லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது. அந்த அறையில் அது எரிந்தே வருடங்கள் ஆகிவிட்டன. சுவரில் இவ்வளவு கறையா, தரையில் இவ்வளவு தூசியா என்று திகைத்துப்போனாள். பிறகு மூடியைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள்.

வெளிர் மஞ்சள் படலம். அதன் நட்டநடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.

பசை கறுப்பு. கறுப்பு என்று யாருக்குத் தெரியாது? டப்பாவிலேயே கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு மங்கலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அதனால் எதுவுமே கறுப்பாகத் தெரியாது. வெப்பமானி கண்ணாடிக்கு அடியில், விளக்குப் படாத இடத்தில் இருந்தவரை பசை என்ன நிறமாக இருந்தால் என்ன? இப்போது அது படலத்தின் மேல், நீல விளக்கு நேராக விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது. கறுப்பு வெளிச்சத்தைக் குடிக்கும், குடித்துச் சூடாகும். நேற்று ஏறிய எண் படலத்தின் சூடா, அல்லது அந்தப் பொட்டு தானே குடித்து ஏற்றிக்கொண்ட சூடா? ஒளியை இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுத இரண்டு பேர், வெப்பமானியை வெளிச்சத்திலேயே வைத்துவிட்டு, அது சொன்னதைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பேசாமல் பிய்த்துக் குப்பையில் போட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? துறைத்தலைவருக்குச் சூடு போதும். கணவனுக்குச் சூடு போதும். அவளுக்கும், சத்தியமாகச் சொன்னால், சூடு போதும். ஒரு பொட்டைப் பிய்த்துப் போடுவது பொய் சொல்வதுகூட ஆகாது. சும்மா சுத்தம் பண்ணுகிற வேலை. நேற்று ராத்திரி தூங்கிய தூக்கத்தை இனி எல்லா ராத்திரியும் தூங்கலாம்.

எழுந்து போய் டீ குடித்தாள். டீ உப்புச்சப்பில்லாமல் இருந்தது. கோப்பையைக் கழுவி வைத்தாள். வேறு யாரோ கழுவாமல் போட்டுப்போன கோப்பைகளையும் கழுவி வைத்தாள். கழுவ இனி எதுவும் இல்லை என்று ஆனபோது அடித்தளத்துக்குத் திரும்பி இறங்கினாள். அவள் கால்கள் இறங்கியது அவள் சம்மதத்தோடு இல்லை.

சோதனை சிறியதுதான். மூடியைத் திருகி, காற்றை எடுத்து, படிகங்கள் இருட்டில் பழையபடி சாய்ந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தாள். பிறகு நீல விளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பலமான சிவப்பு விளக்கைப் பொருத்தினாள். படிகங்கள் சிவப்பை வாங்கிக்கொள்ளாது. கறுப்புப் பொட்டோ எந்த நிறத்தையும் விடாது. வெப்பமானியின் எண் நேற்று நின்ற இடத்துக்கு வரும்வரை விளக்கைக் கூட்டிக்கொண்டே போனாள். எண் வந்து நின்றது. நேற்றைய அதே சூடு, அதே வெப்பமானியில். அந்தச் சூடு உண்மையில் படலத்தில் இருந்தால் பெட்டிகள் நிமிர்ந்தே தீர வேண்டும்.

திரையில் முகடு அப்படியே நின்றது. குட்டையாகு, குட்டையாகித் தொலை என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அது அசையவில்லை.

பிறகு மூடியைத் திறந்து, பொட்டின் மேல் ஒரு சிறு துண்டு அலுமினியத் தாளை நிழலாக மடித்து வைத்து, பழையபடி மூடிக் காற்றை எடுத்து, நீல விளக்கை மாட்டினாள். வெப்பமானி ஏறினோம் என்று பேருக்கு ஏறிவிட்டு நின்றது. முகடு சரிந்தது. விளக்கை அணைத்தாள், எழுந்தது. போட்டாள், சரிந்தது. சூட்டுக்கு அதில் பங்கு இல்லை. வெளிச்சம் மட்டும்தான். எலக்ட்ரான்கள் இடம் பெயர, பெட்டிகள் தாமாகவே நிமிர்ந்து, தாமாகவே சாய்ந்துகொண்டிருந்தன. அவள் முதல் வருடத்தில் நினைத்தது சரி. இத்தனை காலமும் சரியாகவே இருந்திருக்கிறது.

ஆனந்தக் கண்ணீர் வந்தது என்று எழுத ஆசைதான். அவளுக்கு வந்தது எரிச்சல். அக்கடா என்று படுத்தவளைத் தட்டி எழுப்பிவிட்டார்களே என்கிற எரிச்சல்.

துறைத்தலைவரை அழைத்து வந்து மறுபடி எல்லாவற்றையும் செய்து காட்டினாள். அவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“மேல ஒட்டச் சொன்னது நான்தான்” என்றார்.

“ஒட்டினது நான் சார்.”

“பிச்சுப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்காதே.”

“பிச்சுப் போடலாம்னுதான் நெனச்சேன்.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. “இனிமே ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் கிடையாதும்மா. நிரந்தர வேலைக்கு நான் எழுதுறேன். இதைக் காட்டினா எவன் வாயைத் திறக்கிறான்னு பாக்குறேன். அடுத்து எவ்வளவு வேகமா நிமிருதுன்னு பாக்கணும். எல்லாப் பெட்டியும் ஒண்ணா நிமிருதா, ஒண்ணு நிமிர்ந்து அடுத்ததை நிமிர்த்துதான்னு பாக்கணும். இப்பதானே ஆரம்பமே!”

இந்தப் பேச்சை அவள் பஸ்ஸில் எத்தனையோ நாள் தனக்குத்தானே அவர் குரலில் பேசிப் பார்த்திருக்கிறாள். அதில் அவர் இதைவிடக் கொஞ்சம் கம்பீரமாகப் பேசுவார். மற்றபடி வார்த்தைகள் ஏறக்குறைய இவைதான். அவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

“உங்களுக்கு ஆரம்பம் சார்” என்றாள். “எனக்கு முடிஞ்சிருச்சு. நான் ஊருக்குப் போறேன்.”

அவர் நடையை நிறுத்தினார். “சூடுன்னு ஆனா போறேன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா சார்.”

“கையில கிடைச்சதுக்கு அப்புறம் யாராவது விடுவாங்களா?”

“கிடைக்காம விட மனசு வரல சார். அதான் இத்தனை நாள் இருந்தேன்.” அதைச் சொன்னபோதுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. தோற்றால்தான் போகலாம் என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டு, தோற்க வேண்டும் தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். “களைச்சுப் போச்சு சார். ரொம்ப. எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக் கொடுத்துட்டுத்தான் போவேன். யாரு வந்தாலும் செய்யுற மாதிரி எழுதித் தர்றேன்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள்மேல் கோபமா வருத்தமா என்று அந்தச் சிவப்பு மங்கலில் தெரியவில்லை. அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைப் பார்த்தும்தான். பெட்டிகள் ஒன்றாக நிமிர்கின்றனவா, ஒன்றையொன்று நிமிர்த்துகின்றனவா என்பதை யாரோ ஒருவர் பார்க்கப் போகிறார், அது அவள் இல்லை. அந்த நினைப்பு சுருக்கென்று தைத்தது. தைத்துக்கொண்டேதான் இருந்தது, பஸ் ஸ்டாப் வரை, பஸ்ஸிலும், வீட்டுப் படியேறும்போதும்.

வீட்டில் நடுக்கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவன் அன்று சீக்கிரம் வந்து, துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். மகள் தன் புத்தகங்களைக் கட்டிவைத்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் நிமிர்ந்து, உள்ளே வந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். மடித்த சட்டை கையிலேயே நின்றது.

“என்னாச்சு?”

“சூடு இல்லீங்க.”

“வெளிச்சமா?”

“வெளிச்சம்தான். நேத்து வெப்பமானி தப்பாக் காட்டிருச்சு.”

“நல்லதுதானே” என்றான். சொல்லிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்ப அலமாரியில் வைக்க ஆரம்பித்தான். முணுமுணுக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. கீழ்த்தட்டில் வைக்கக் குனிந்தபோது மட்டும் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் பிடித்த கையை எடுக்கவில்லை.

“எதுக்கு எடுக்கிறீங்க?” அவள் போய் அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். “உள்ள வைங்க. நாம போறோம்.”

“நீ நெனச்சதுதான் சரின்னு ஆயிடுச்சுல்ல?”

“ஆயிடுச்சு. அதான் போறோம்.”

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அதற்கு மேல் சொல்ல முயன்று, உதடு கோணி, துணியை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் குப்புற விழுந்தாள். விம்மல் சத்தம் கூடம் வரை வந்தது. வரவரக் குறைந்தது.

மகள் புத்தகக் கட்டிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் காதருகே மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, அம்மா ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?”

“ஜெயிச்சுட்டாங்க.”

“அப்புறம் ஏன் அழுறாங்க?”

“அதுக்குத்தான் அழுறாங்க. கதவைச் சாத்து கண்ணு, தூங்கட்டும்.”